உள்ளங்கால் மச்சம் சொல்லும் பலன்

வாத்தியார் பக்கம்



நம் வீடுகளில் பிள்ளை பிறந்தவுடன் முதலில் என்ன பார்ப்போம்? கை கால் விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்போம். அடுத்து? எங்கே மச்சம் இருக்கிறது என்று தேடுவோம். நெற்றியில் இருந்தால் இன்ன பலன், தோளில் இருந்தால் இன்ன பலன் என்று பாட்டிமார்களிடம் ஒரு நீண்ட பட்டியலே உண்டு. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் கடல் கடந்து பயணம் போகும் யோகமாம்.

இந்த மாதம் நானும் மச்ச பலன்தான் எழுதப் போகிறேன். ஆனால் இது சோதிடம் அல்ல. ஒருவருக்குத் தோல் புற்றுநோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு தூரம் முடியும்? முடியாத இடத்தில் நாம் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாததால் எங்கள் குடும்பம் எட்டு மாதங்களை வீணாக்கியது. அதற்கு விலையாகப் போனது எங்கள் அத்தையின் குதிகால்.

அத்தைக்கு அப்போது வயது 66. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டதும், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகன் வீட்டோடு வந்துவிட்டார். 1972இல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கியது முதல் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர் தொழிற்சாலைப் பேருந்துகளில் அங்கே போய் வந்திருக்கிறார்கள்! என் மச்சானும் அவர்களில் ஒருவர். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். விமானம் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவது அந்த வீட்டு வழக்கம்.

2022 தீபாவளிக்கு நான் குடும்பத்தோடு அங்கே போயிருந்தேன். காலையில் அத்தைக்கு என் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். காலை நீட்டியபோது வலது குதிகாலில் ஒரு கருப்புப் புள்ளி. பட்டாணி அளவு இருக்கும்.

"இது எப்போதிருந்து அத்தை?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமா இருக்கு தம்பி. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார்.

மச்சானின் மகள் பாலிடெக்னிக்கில் படிப்பவள். "பாட்டி, இருங்க, பார்த்துச் சொல்றேன்" என்று கைப்பேசியை எடுத்தாள். அதில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கேள்வித்தாள் ஒன்று இருந்தது. முடி செந்நிறமா? முகத்தில் செம்புள்ளிகள் உண்டா? சிறு வயதில் வெயில் பட்டுத் தோல் கொப்பளித்ததுண்டா? முதுகில் பெரிய மச்சங்கள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் அத்தை சிரித்துக்கொண்டே "இல்ல, இல்ல" என்றார். கடைசியில் திரையில் பச்சை நிறம் வந்தது. ஆபத்து குறைவு என்று பொருள்.

நானும் வாத்தியார் தோரணையில், "பார்த்தீங்களா அத்தை, இது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய். உங்களுக்கு இது பயண யோகம். வீட்டுக்கு மேலே விமானம் போகுது, காலில் மச்சம் இருக்குது, வேறென்ன வேணும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முறுக்கு சாப்பிடப் போய்விட்டோம்.

அதுதான் நான் செய்த தவறு. மற்றவர் மேல் பழி போட எனக்கு வாய் இல்லை.

2023 ஏப்ரலில் போய்ப் பார்த்தேன். பட்டாணி பத்து சென் காசு அளவுக்கு வளர்ந்திருந்தது. ஓரம் கடற்கரை போல நெளிந்திருந்தது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் பழுப்பு, நடுவில் புண். அத்தைக்கு இனிப்பு நீர் உண்டு. ஆகவே அது சர்க்கரைப் புண் என்று நினைத்து இரண்டு மாதம் மருந்து வைத்துக் கட்டினார்கள். ஜூன் மாதம் ஓர் இளம் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "புண் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது?" "கருப்பு மச்சம்" என்றார் அத்தை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சதையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா என்னும் தோல் புற்று. தோலுக்குள் 2 மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கியிருந்தது.

மெலனோமாவில் இந்த மில்லிமீட்டர் கணக்குத்தான் முக்கியம் என்று அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் காட்டினார். புற்று எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. 1 மில்லிமீட்டருக்குள் பிடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். 4 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் போராட்டம் கடினம். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலில் மிகச் சிறிய கோடு எதுவோ அதுதான் மில்லிமீட்டர். அந்தச் சிறு கோடுகளைத்தான் நாங்கள் மாதக்கணக்கில் வளரவிட்டோம்.

கணக்கு எங்கே தவறியது?

கைப்பேசி பொய் சொன்னதா? இல்லை வாசகர்களே. நான்தான் கணக்கைத் தப்பாகப் படித்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடுவது எப்படித் தெரியுமா? ஆயிரக்கணக்கான பேரிடம் கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். நோய் வந்தவர் யார், வராதவர் யார் என்று பிரித்துப் பார்ப்பார்கள். நோய் வந்தவர்களிடம் எந்தப் பதில் அதிகமாக இருக்கிறதோ அதற்கு அதிக மதிப்பெண். கடைசியில் மதிப்பெண்களைச் சேர்த்து, உம்மைப் போன்றவர் ஆயிரம் பேரில் இத்தனை பேருக்கு வரலாம் என்பார்கள். நல்ல கணக்குதான். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான பேர் யார்? பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையம் உருவாக்கிய மெலனோமாக் கணக்கு முறையே வெள்ளையருக்கு மட்டும் என்று வரையறுத்துச் செய்யப்பட்டது.

அதில் வியப்பில்லை. அவர்களுக்குத்தான் அந்த நோய் அதிகம். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்குள் மூவரில் இருவருக்கு ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. மெலனோமா மட்டும் எடுத்துக்கொண்டால் அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 50 பேருக்கு மேல். இந்தியாவிலோ ஒரு லட்சத்தில் ஒருவருக்கும் குறைவு. நம் தோலில் இருக்கும் கருநிறப் பொருள், மெலனின், இயற்கை கொடுத்த குடை. கறுப்புத் தோல் வெயிலைத் தடுக்கும் சக்தியை 1979இல் அமெரிக்காவில் அளந்தபோது காப்பு எண் ஏறத்தாழ 13 வந்தது. வெள்ளைத் தோலுக்கு 3 சொச்சம்தான். நம்முடையது இவ்விரண்டுக்கும் இடையே, ஆளுக்கு ஆள் மாறும்.

தோலை வகை பிரிக்க டாக்டர்கள் பயன்படுத்தும் அட்டவணையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் வகுத்தார். முதலில் அதில் நான்கு வகைகளே இருந்தன. பழுப்புத் தோலும் கருப்புத் தோலும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது நம் பிள்ளையின் பெயர் கடைசியில் பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இருந்தாலும் 'உங்கள் இனத்தில் இந்நோய் குறைவு' என்பது உண்மையே. தவறு வேறு இடத்தில் நடந்தது. ரப்பர்த் தோட்டத்து உதாரணம் சொன்னால் உடனே புரியும். விடியற்காலை பெரட்டில் நின்று, மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறோம். நட்சத்திரம் தெரிகிறது, மழை வராது என்கிறோம். அது முன்கணிப்பு. நிரைக்குப் போய்ப் பார்த்தால் மரப் பட்டையில் தண்ணீர் வழிகிறது. அப்போது, 'நட்சத்திரம் தெரிந்ததே' என்று சொல்லிப் பால் வெட்டுவோமா? வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் பட்டையெல்லாம் பரவி வீணாகும். கண்ணெதிரே ஈரம் இருக்கும்போது வானத்துப் பேச்சு எதற்கு?

அத்தையின் காலில் ஈரம் ஏற்கெனவே தெரிந்தது. நான் வானத்தைப் பார்த்துப் பலன் சொல்லிக்கொண்டிருந்தேன். வரும் வாய்ப்பைக் கணக்கிடுவது வேறு, வந்ததைக் கண்டுபிடிப்பது வேறு. வளரும் புள்ளி ஒன்று கண்ணில் பட்ட பிறகு எந்தப் பட்டியலும் வேண்டாம், டாக்டர்தான் வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். கருநிறத்தாருக்கு மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் வெயில் படும் முகத்தில் வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. அங்கே நம் தோலின் நிறமும் வெளிறியே இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தப் புற்றுக்கு வெயில் காரணமல்ல. ஆகவே வெயிலைப் பற்றி நூறு கேள்வி கேட்டாலும் அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாப் மார்லி என்ற ஜமைக்கா நாட்டுப் பாடகரை நம் இளைஞர்கள் அறிவார்கள். சட்டையில்கூட அவர் படம் போட்டுக்கொள்கிறார்கள். 1977இல் அவர் கால் பெருவிரலில் வந்த கோளாறைப் பந்து விளையாடியபோது பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். அது நகத்தடி மெலனோமா. 1981 மே 11ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 36 மட்டுமே.

நமக்கேற்ற கேள்வித்தாள்

அப்படியானால் முன்கணிப்பே வீணா? இல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. நமக்குரிய மணியோசை எது என்று தெரிந்தால் போதும். டாக்டர்கள் எழுதியவற்றைப் படித்து, தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஏற்றபடி ஐந்து கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் பயப்பட வேண்டாம். மற்றவரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவர் நீங்கள் என்பதே அதன் பொருள்.

முதல் கேள்வி: வீட்டில் பிறவியிலேயே நிறமில்லாத பிள்ளை உண்டா? தோலும் முடியும் வெளுத்து, வெயிலில் கண் கூசும் பிள்ளைகள். 'வெள்ளைக்காரன்' என்று நாம் கேலி செய்கிறோமே, அவர்கள்தாம். குடை இல்லாமல் பிறந்தவர்கள் அவர்கள். நம்மில் எல்லாரையும்விட அதிக ஆபத்து அவர்களுக்கே. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு மூன்றும் கட்டாயம். ஆசிரிய நண்பர்களுக்கும் சொல்கிறேன்: காலைச் சபைக்கூடலில் அந்தப் பிள்ளையை நிழலில் நிறுத்துங்கள். ஆனால் வெண்புள்ளி வந்தவர்களை இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெண்புள்ளி வேறு, அது புற்றும் அல்ல, தொற்றும் அல்ல.

இரண்டாம் கேள்வி: பழைய தீத்தழும்பு, அல்லது ஆறாத புண் உண்டா? அடுப்பங்கரையில் சுட்டது, கொதிநீர் கொட்டியது, பால் உறைய வைக்கும் ஆசிட் பட்டது என்று நம் ஜனங்களின் உடம்பில் தழும்புக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட தழும்பில், சில வேளை முப்பது ஆண்டு கழித்தும், புற்று வரலாம் என்பது பழைய செய்தி. பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் 1828இல் எழுதிய புண்ணுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. காஷ்மீரத்தில் குளிருக்காக உடைக்குள் தணல் சட்டியை வைத்துக்கொள்வார்கள். அந்தச் சூடு பட்டுப் பட்டுத் தொடையிலும் வயிற்றிலும் புற்று வருவதுண்டு. அதற்குச் சட்டியின் பெயரால் காங்ரிப் புற்று என்று பெயர். வேட்டியை ஆண்டாண்டு காலம் இறுக்கிக் கட்டிய இடுப்புத் தடத்திலும் புற்று வந்ததை பம்பாய் டாக்டர் கானோல்கர் 1945இல் எழுதினார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் சிலருக்கு வந்ததைப் பின்னர் வந்த டாக்டர்களும் எழுதியிருக்கிறார்கள். பழைய தழும்பில் புதிதாகப் புண் வெடித்து, ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால் காட்டிவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: பாஷாணம் உடம்பில் சேர்ந்த வரலாறு உண்டா? ஆர்சனிக் என்பார்களே, அதுதான். பாராகுவாட் வருவதற்கு முந்திய காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் லாலான் புல்லை அழிக்க சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தைத்தான் அடித்தார்கள். அது ஆர்சனிக் நஞ்சு. (1960களில் அதன் இடத்துக்கு வந்த பாராகுவாட் வேறு வகை நஞ்சு. அதற்கும் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை.) ஆர்சனிக் உடம்பில் சேர்ந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தோல் புற்று வரலாம். அதற்கு முன்பே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முள் முள்ளாகக் காய்ப்பு, உடம்பில் மழைத்துளி விழுந்தது போலப் புள்ளிகள் தோன்றும். 1983இல் கல்கத்தாவில் டாக்டர் சாஹா இந்த அடையாளங்களை வைத்துத்தான் மேற்கு வங்காளக் கிணற்றுநீரில் ஆர்சனிக் இருப்பதை வெளிக்கொணர்ந்தார். நமக்கு அருகே சிங்கப்பூரில், ஆஸ்த்துமாவுக்கு விற்ற சில மூலிகை மாத்திரைகளில் ஆர்சனிக் இருந்து பலர் பாதிக்கப்பட்டது 1975இல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. பெயர் ஒட்டாத புட்டியில் விற்கும் செந்தூரத்தையும் மாத்திரையையும் நம்பி விழுங்காதீர்கள். வீட்டில் மருந்தடித்த தாத்தா இருந்தால் அவர் கையையும் காலையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

நான்காம் கேள்வி: சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, உடல் அதை ஏற்க மாத்திரை சாப்பிடுபவர் உண்டா? அந்த மாத்திரை உடம்பின் காவல்காரனை உறங்க வைப்பதால் தோல் புற்றின் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! தோலைக் கவனித்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் கேள்வி: உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உடன்பிறந்தவருக்கோ தோல் புற்று வந்ததுண்டா? வந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் புற்றுநோய் என்றால் வெட்கப்பட்டு, 'ஏதோ கட்டி' என்று சொல்லிவிடுகிறோம். அடுத்த தலைமுறைக்குத் தெரிய வேண்டிய செய்தி அங்கேயே புதைந்துவிடுகிறது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. குடை இருக்கிறது என்பதற்காக அது ஓட்டையே ஆகாது என்று நினைக்க வேண்டாம். செம்பனைத் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் வருடக்கணக்கில் வெயிலில் நிற்பவர்களுக்கு மூக்கு, கன்னம், காது, உதடு ஆகிய இடங்களில் புண் வந்து ஆறாமல் இருந்தால் அதையும் காட்ட வேண்டும். தொப்பி போடுவது வெட்கமில்லை.

காகிதத்தில் ஒரு பாதம்

இந்த ஐந்துக்கும் 'இல்லை' என்று சொல்லக்கூடியவர்தான் எங்கள் அத்தை! அதனால்தான் கேள்வித்தாளோடு நிறுத்த முடியாது என்கிறேன். காலைப் பார்த்தே ஆக வேண்டும்.

போன ஆண்டு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா அல்லது பாட்டியின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு போட வேண்டும். உள்ளங்காலில் எங்கே மச்சம், எங்கே புண், எங்கே வெடிப்பு என்று அந்தப் படத்தில் குறிக்க வேண்டும். அடிக்கோலால் அளந்து மில்லிமீட்டர் எழுத வேண்டும். கீழே தேதி. அடுத்த மாதம் இன்னொரு காகிதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வளர்ந்தது என்று பிள்ளைக்கே தெரியும்.

பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். ஒரு பையன் மறுநாள் வந்து, "சார், எங்க தாத்தா காலில் கண்ணாடித் துண்டு குத்தி இருந்துச்சு, அவருக்கே தெரியல" என்றான். இனிப்பு நீரால் தாத்தாவின் பாதம் மரத்துப்போயிருந்தது. அது புற்று இல்லைதான். ஆனால் காலில் குத்திய கண்ணாடி தெரியாமல் நடப்பவருக்கு வளரும் புள்ளி மட்டும் தெரிந்துவிடுமா? 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேருக்கு இனிப்பு நீர். ஆகவே கால் பார்ப்பது நமக்கு இரட்டை லாபம்.

நீங்களும் செய்யுங்கள். மாதம் ஒருமுறை, சம்பளம் வாங்கிய வார சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பாருங்கள். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது வயதானவர்களுக்கு முடியாத காரியம். மனைவி காலைக் கணவன் பார்க்கட்டும். கணவன் காலை மனைவி பார்க்கட்டும். பாட்டி காலைப் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

எதைப் பார்க்க வேண்டும்? பாதத்தில் புதிதாக வந்த கருப்புப் புள்ளி, முன்பே இருந்து இப்போது வளரும் புள்ளி, பாதி ஒரு வடிவம், மறுபாதி வேறு வடிவம், நெளிந்த ஓரம், ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 7 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சில் பின்னாலுள்ள ரப்பரைவிடப் பெரியது, ரத்தம் கசிவது, ஆறாதது. நகத்தில் கருங்கோடு நம்மவருக்குச் சாதாரணமாகவே உண்டு, அதுவும் பல விரல்களில். ஆனால் ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தைச் சுற்றிய தோலிலும் கருப்பு இறங்கினால் காத்திருக்காதீர்கள். இந்த அடையாளத்தை ஹட்சின்சன் என்ற இங்கிலாந்து மருத்துவர் 1886லேயே எழுதிவைத்துவிட்டார்.

அதற்காக உள்ளங்காலில் மச்சம் உள்ளவர்கள் எல்லாம் இன்றிரவு தூங்காமல் இருக்க வேண்டாம். பாத மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. இருக்கும் மச்சம் பயமல்ல. மாறும் மச்சம்தான் பயம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பிளேடால் சீவாதீர்கள். சுண்ணாம்பு தடவாதீர்கள். நூல் கட்டாதீர்கள். ஆணி என்று நினைத்து ஆசிட் வைக்காதீர்கள். கைப்பேசியில் படம் எடுத்துப் பச்சை நிறம் வந்தது என்று திருப்திப்படாதீர்கள். படம் எடுங்கள், தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள், அதை டாக்டரிடம் காட்டுங்கள். கைப்பேசிக்கு அதுவே சரியான வேலை.

கிளினிக்கில் என்ன சொல்வது? "காலில் புண்" என்று மட்டும் சொன்னால் சர்க்கரைப் புண் என்று மருந்து கட்டி அனுப்பிவிடக்கூடும். "இது முன்பு இல்லை. இந்த மாதத்தில் இவ்வளவு இருந்தது, இப்போது இவ்வளவு" என்று காகிதத்தைக் காட்டுங்கள். "பாக்கார் கூலிட்டிடம் அனுப்ப முடியுமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது தவறில்லை. 'சதையைக் கிள்ளிச் சோதித்தால் புற்று பரவும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது உண்மையல்ல. சோதிக்காமல் விட்டால்தான் பரவும்.

அத்தையின் கதையை முடிக்க வேண்டும் அல்லவா? புற்றைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்துக் குதிகாலில் வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். கவட்டியில் நெறிகட்டும் இடத்திலும் சோதித்தார்கள். நல்லவேளையாக அங்கே பரவவில்லை. இப்போது தனியாகச் செய்த சப்பாத்து போட்டுக்கொண்டு, கைத்தடியோடு நடக்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். விடியற்காலையில் முந்நூறு மரம் சுற்றிய கால், இப்போது மாடியிறங்கிக் கடைக்குப் போக யாராவது துணைக்கு வர வேண்டும் என்று காத்திருக்கிறது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்தபோது எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அத்தையே பேசினார். "பயண யோகம்னு சொன்னீங்களே தம்பி, பாருங்க, ஆம்புலன்சுல ஏறிட்டேன்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் காரியம், என் காலைக் காட்டச் சொன்னது. "வாத்தியாருக்கு யார் பார்ப்பாங்க? நீட்டுங்க" என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருப்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. 3 மில்லிமீட்டர். காகிதத்தில் குறித்து, தேதி போட்டு வைத்திருக்கிறேன். இன்றுவரை அது 3 மில்லிமீட்டர்தான்.

வாசகர்களே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் பத்திரிகையைக் கீழே வையுங்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வெளிச்சமான இடமாக இருக்கட்டும். காலை நீட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.